ஒரு கை கம்மி

நாலரை மணிக்கு யானைமலை வெறும் கறுப்பு மேடாகத்தான் தெரிந்தது. ஒத்தக்கடை தாண்டி மேலூர்ச் சாலையிலிருந்து பிரியும் மண்பாதையில் அந்த வீடு. கொட்டத்தில் விளக்கு எரிய, அந்த வீட்டு அக்கா ஆட்டுக்கல்லில் பருத்திக்கொட்டை ஆட்டிக்கொண்டிருந்தார். ராத்திரியே ஊறப்போட்டது. ஆட்டியதை இரண்டு வாளிகளில் சமமாகப் பிரித்து, தவிட்டையும் உளுந்தம்பொட்டையும் போட்டுக் கலக்கினார். பிறகு ஒரு வாளியிலிருந்து ஒரு கை அள்ளித் திரும்பக் கல்லிலேயே போட்டார்.

"இடத்து மாட்டுக்கு ஒரு கை கம்மி, தம்பி. ஒரு வாரமா சதை போடுறான்."

பந்தய மாடு வளர்ப்பதைப் பற்றி எழுத வந்தவன் நான். அதில் பாதி அந்த ஒரு கையில் இருந்தது.

கொங்கு நாட்டில் ரேக்ளா என்றால் 200 மீட்டர், 300 மீட்டர். கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். மதுரை, சிவகங்கைப் பக்கம் நடப்பது எல்கைப் பந்தயம். கிலோமீட்டர் வந்து எத்தனையோ காலமாகியும் இங்கே கணக்கு மைலில்தான். பெரிய மாட்டுக்குப் போய்வர 8 மைல், சின்ன மாட்டுக்கு 6 மைல் என்று நோட்டீஸில் போடுவார்கள். பூஞ்சிட்டு என்ற மாட்டுப் பிரிவுக்கு அதைவிடக் குறைவு. தார்ச்சாலையில் அவ்வளவு தூரம் ஓட மூச்சு வேண்டும். வேண்டாத சதை ஒவ்வொரு அடியிலும் காலைப் பிடித்து இழுக்கும். அதைவிட முக்கியம் ஜோடி. ஒரே நுகத்தடியில் இரண்டு கழுத்து. ஒன்று பெருத்து இன்னொன்று இளைத்தால் நுகம் சாயும், வண்டி ஒரு பக்கமாக இழுக்கும், பாரம் ஏறிய பக்கத்துக் கழுத்தில் புண் வரும்.

அந்த வீட்டு அண்ணன் தையல் நாடாவைக் கொண்டுவந்தார். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி ஓர் அளவு. தோள்முனையிலிருந்து பின்புட்டத்து எலும்பு வரை ஓர் அளவு. நெஞ்சளவை அதனாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் கிலோ. மாட்டு டாக்டர் சொல்லிக்கொடுத்த கணக்கு. வலத்து மாடு நெஞ்சு 62 அங்குலம், நீளம் 52: ஏறக்குறைய 303 கிலோ. இடத்து மாட்டுக்கு நீளம் அதேதான், நெஞ்சு 63. அந்த ஓர் அங்குலத்தில் பத்துக் கிலோ கூடிவிட்டது. அக்கா நாடா பிடிக்கவே இல்லை. உள்ளங்கையால் விலாவைத் தடவித்தான் கண்டுபிடித்திருந்தார். "எலும்பு கண்ணுக்குத் தெரியக் கூடாது, கைக்குத் தெரியணும்" என்றார்.

அமெரிக்காவில் மூன்று பீப்பாய்களைச் சுற்றிக் குதிரையில் பறந்துவரும் ஒரு பந்தயம் உண்டு. அங்கேயும் நாடாதான், உள்ளங்கைதான். 1983-இல் ஹென்னக்கி என்பவரும் அவரோடு இருந்தவர்களும் குதிரை உடம்புக்கு 1 முதல் 9 வரை மதிப்பெண் வகுத்தார்கள். நடுவான 5-க்கு அடையாளம், விலா பார்வைக்குத் தெரியாது, தடவினால் தெரியும் என்பது. அக்கா சொன்னதேதான்.

ஐந்தரைக்கு மாடுகள் கிளம்பின. வெயிலுக்கு முன்னால் முடித்துவிட வேண்டும். முதலில் நடை, பிறகு வண்டியில் பூட்டி அரை ஓட்டம், கடைசியில் கண்மாயில் நீச்சல். தண்ணீருக்குள் காலுக்குப் பாரமே இல்லை, மூச்சுக்கு மட்டும் வேலை. ஓட்டம் முடிந்ததும் பதினாறு பதினேழு வயதுப் பையன் ஒருவன் செல்போனில் மணி பார்த்தபடி அள்ளை ஏறி இறங்குவதை எண்ணினான். எத்தனை நிமிடத்தில் அள்ளை அடங்குகிறதோ அதுதான் மாட்டின் தேர்ச்சி. அடங்கும்வரை தண்ணீர் காட்டவில்லை, நிற்கவும் விடவில்லை, மெதுவாக நடத்திக்கொண்டே இருந்தான். அவன் கையில் குச்சி கிடையாது. அடித்து ஓட்டுகிற மாட்டை நான் பந்தய மாடு என்று சொல்ல மாட்டேன். அதைப் பழக்கத் தெரியவில்லை என்றுதான் சொல்வேன்.

திரும்பிவந்ததும் பையன் ஒவ்வொரு காலாகத் தூக்கி லாடத்தைப் பார்த்தான். மாட்டுக்குப் பிளந்த குளம்பு, அதனால் காலுக்கு இரண்டு, மொத்தம் எட்டு. ஒன்று ஆடினாலும் அன்றைக்கு ஓட்டம் இல்லை.

எங்கள் வீட்டிலும் ஒரு ஜோடி இருந்தது. எனக்குப் பத்து வயதிருக்கும்போது, ஒரு மாட்டுப் பொங்கலன்று மிஞ்சிய பொங்கலை ஒரு அண்டா நிறைய மாட்டுக்கு வைத்தேன். பாசத்தில் வைத்ததுதான். மாட்டின் வயிறு வைக்கோலுக்கும் தட்டைக்கும் பழகியது. வெந்த அரிசி அதில் மளமளவென்று புளித்து அமிலமாகும், நார் செரிக்கவைக்கும் நுண்ணுயிர்கள் செத்துப்போகும், அசை நின்றுவிடும். அப்பா ஆப்பச்சோடாவைக் கரைத்து ஊற்றிப் பார்த்தார். விடியுமுன் மாடு போய்விட்டது. அப்பா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒற்றை மாட்டை வைத்து என்ன செய்வது, அடுத்த மாதம் அதையும் விற்றார். ஒரு கை குறைத்துப் போடும் அக்காவைப் பார்த்து எனக்குத் தொண்டை அடைத்தது அதனால்தான்.

அவரிடம் இதைச் சொன்னேன். கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு, தடைக்காலத்தைப் பற்றிச் சொன்னார். 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டையும் மாட்டுவண்டிப் பந்தயத்தையும் நிறுத்தியது; 2017 ஜனவரியில் மெரினாவிலும் தமுக்கத்திலும் கூட்டம் திரண்டு சட்டம் வந்த பிறகுதான் வண்டிகள் திரும்ப ஓடின. 2023 மே மாதம் அந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பும் வந்தது. 2014-க்கும் 2017-க்கும் இடையில் அந்த இரண்டரை வருஷம்?

"ஓட்டமில்லாம தீனி மட்டும் போட்டா பெருத்துரும். தீனியக் கொறச்சா நம்ம மூஞ்சியவே பாக்கும். தெனமும் நானே பிடிச்சுக்கிட்டு யானைமலை வரைக்கும் நடந்தேன் தம்பி. கிறுக்கச்சின்னாக."

பந்தயத்தன்று மைக்கில் உரிமையாளர் பேர் வரும், ஊர்ப் பேர் வரும், சாரதி பேர் வரும். ஆட்டுக்கல் பிடித்தவர் பேரும், அள்ளை எண்ணிய பையன் பேரும் வந்து நான் கேட்டதில்லை. வர வேண்டும். பரிசுப் பணத்திலும் அவர்களுக்கு இவ்வளவு என்று பேசி எழுத வேண்டும்.

"நீங்க பந்தயம் பாக்கப் போவீங்களாக்கா?"

வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத் திரும்பினார். "ஒரு தடவ போனேன். கூட்டத்துல என்னையப் பாத்துட்டு ரெண்டும் ரோட்ட விட்டு எறங்கி எங்கிட்ட வந்துருச்சுக. அதோட போறதில்ல."