கூட்டத்தின் மேல் பழி போடாதீர்கள், கனெக்‌ஷனை எண்ணுங்கள்

"கடைசி நாள்ல எல்லாரும் ஒரே நேரத்துல வந்தா சைட் என்ன செய்யும்?"

கல்லூரி விண்ணப்பமோ, உதவித்தொகையோ, தேர்வு முடிவோ, ஒரு இணையதளம் படுத்துக்கொள்ளும் ஒவ்வொரு முறையும் இந்தப் பதில்தான் வருகிறது. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். சர்வரை நடத்துகிறவர் தப்பித்துக்கொள்வார். பழி, வரிசையில் நின்ற மாணவர் தலையில் விழும். முன்னாடியே பண்ணியிருக்கலாமே என்பார்கள். வருமானச் சான்றிதழ் கைக்குக் கிடைக்கவே கடைசி வாரம் ஆகிவிடுகிற பிள்ளைகள் முன்னாடியே எப்படி வருவார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

தோழர்களே, இந்த முறை கொஞ்சம் சர்வருக்குள்ளேயே போய்ப் பார்ப்போம். நம் தம்பி தங்கைகள் பலர் கம்ப்யூட்டர் படிக்கிறார்கள். இயக்கங்களுக்கும் இரவுப் பள்ளிகளுக்கும் சைட் கட்டித் தருகிறார்கள். நான் பத்து வருடங்களுக்கு மேலாக இந்த வேலையில்தான் சோறு தின்கிறேன். "கூட்டம்" என்று சொல்லி மூடிவிடுகிற கோளாறுகளில் பெரும்பாலானவை கூட்டத்தால் வருவதில்லை என்பது என் அனுபவம்.

ஒரு சிறிய அறக்கட்டளை, பெயர் வேண்டாம். உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கிற மாணவர்கள் தங்கள் சான்றிதழ்களை அதன் தளத்தில் ஏற்றுவார்கள். தன்னார்வலர்கள் சரிபார்த்து, எது குறைகிறது, எங்கே வாங்க வேண்டும் என்று சொல்வார்கள். தளம் பைத்தானில் எழுதப்பட்டது: ஃபிளாஸ்க், எஸ்கியூஎல் ஆல்கெமி, பின்னால் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். கடைசி வாரத்தில் ஒரு மாலை, அதைப் பார்த்துக்கொள்கிற இறுதியாண்டு மாணவி அழைத்தாள். "அக்கா, சைட் சுத்திக்கிட்டே இருக்கு. ரீஸ்டார்ட் பண்ணா பத்து நிமிஷம் ஓடுது. மறுபடி சுத்துது."

"எவ்வளவு நேரம் சுத்தி எரர் வருது?"

"அரை நிமிஷம் இருக்கும்."

"கடிகாரத்தை வச்சுப் பாத்துச் சொல்லும்மா."

சரியாக 30 வினாடி. ஒவ்வொரு முறையும் 30. நெரிசலில் திணறுகிற சர்வர் ஒரு முறை 12 வினாடி எடுக்கும், இன்னொரு முறை 47 எடுக்கும். அது துல்லியமாக 30இல் நிற்கிறது என்றால், யாரோ எழுதி வைத்த காத்திருப்புக் கெடு முடிகிறது என்று அர்த்தம். எஸ்கியூஎல் ஆல்கெமியின் கனெக்‌ஷன் பூலில், காலி கனெக்‌ஷனுக்காகக் காத்திருக்கும் நேரம் இயல்பாகவே 30 வினாடிதான்.

பூல் என்றால் என்ன? பழைய வாடகை சைக்கிள் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு கனெக்‌ஷனுக்கும் தனி பிராசஸ் ஒன்றைத் திறக்கிறது. அதற்கு நேரமும் மெமரியும் செலவு. அதனால் ஆளுக்கொன்று புதிதாகத் திறக்காமல், சிலவற்றைத் திறந்து வைத்து, கேட்பவருக்குக் கொடுத்து, திரும்ப வாங்கி, அடுத்தவருக்குக் கொடுக்கிறோம். எஸ்கியூஎல் ஆல்கெமி இயல்பாக 5 வைத்திருக்கும், நெருக்கடியில் மேலும் 10 திறக்கும். ஆக 15. இந்தக் கணக்கு ஒவ்வொரு பிராசஸுக்கும் தனித்தனி. இந்தத் தளத்தில் குனிகார்ன் 2 பிராசஸ் ஓட்டியது, ஆகவே மொத்தம் 30 சைக்கிள்.

அவளும் அவள் நண்பர்களும் அதற்குள் ஒரு காரியம் செய்திருந்தார்கள். எல்லோரும் செய்வதுதான். பூல் அளவை 50ஆக்கி, பிராசஸை 4ஆக்கி, த்ரெட்டுகளையும் கூட்டிவிட்டார்கள். ஒரு மணி நேரம் ஓடியது. பிறகு வேறு எரர்: ஆட்கள் அதிகம், இடமில்லை என்று போஸ்ட்கிரெஸே கதவைச் சாத்தியது. போஸ்ட்கிரெஸின் இயல்பான உச்சவரம்பு 100 கனெக்‌ஷன். அதிலும் 3 சூப்பர்யூசருக்கு ஒதுக்கப்பட்டவை. அந்த 3 இருந்ததால்தான் உள்ளே நுழைந்து பார்க்க முடிந்தது.

இந்த இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு பார்க்கப் பழக வேண்டும். பூல் அளவை மாற்றுவதற்கு முன், யார் கையில் எது இருக்கிறது என்று பாருங்கள். போஸ்ட்கிரெஸில் 'பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டி' என்று ஒரு பட்டியல் உண்டு. ஒவ்வொரு கனெக்‌ஷனும் இப்போது என்ன நிலையில் இருக்கிறது, எப்போதிலிருந்து அந்த நிலையில் இருக்கிறது, கடைசியாக ஓட்டிய கட்டளை எது என்று மூன்றையும் அது சொல்லும். 'ஆக்டிவ்' என்று நிறைய இருந்தால் டேட்டாபேஸ் உண்மையிலேயே உழைக்கிறது. மெதுவான கொய்ரியைத் தேட வேண்டும், இன்டெக்ஸ் பார்க்க வேண்டும். இங்கே அப்படி இரண்டோ மூன்றோதான். மீதி எல்லாம் 'ஐடில் இன் டிரான்சாக்‌ஷன்'. டிரான்சாக்‌ஷனைத் திறந்துவிட்டுச் சும்மா நிற்கிறது என்று பொருள். சைக்கிளை வாடகைக்கு எடுத்தவர் சினிமா கொட்டகை வாசலில் பூட்டிவிட்டு, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு படம் பார்க்கிறார். கடைக்காரர் இன்னும் நூறு சைக்கிள் வாங்கி என்ன பயன்?

எல்லாவற்றிலும் கடைசிக் கட்டளை ஒன்றேதான்: சான்றிதழ் அட்டவணையில் ஒரு வரி சேர்ப்பது. அந்தக் கோடை எடுத்துப் பார்த்தோம். வரியைச் சேர்க்கிறது, "உங்கள் சான்றிதழ் கிடைத்தது" என்று எஸ்எம்எஸ் கேட்வேக்குச் சொல்கிறது, பதில் வரும்வரை நிற்கிறது, அதற்குப் பிறகுதான் கமிட். சாதாரண நாளில் கேட்வே கண் இமைக்கும் நேரத்தில் பதில் சொல்லும், ஒன்றும் தெரியாது. அந்த வாரம் அது 25 வினாடி எடுத்தது. அந்த 25 வினாடியும் ஒரு கனெக்‌ஷன் வேலையில்லாமல் பூட்டிக் கிடந்தது.

கணக்குப் போடலாம். ஜான் லிட்டில் 1961இல் நிரூபித்த எளிய விதி இருக்கிறது: ஒரு வினாடிக்கு எத்தனை பேர் வருகிறார்கள், ஒவ்வொருவரும் எத்தனை வினாடி வைத்திருக்கிறார்கள், இரண்டையும் பெருக்கினால் ஒரே நேரத்தில் எத்தனை தேவை என்று வரும். மாலை உச்சத்தில் நிமிடத்துக்கு 90 சான்றிதழ், அதாவது வினாடிக்கு ஒன்றரை. 25 வினாடி வைத்திருந்தால் 37க்கு மேல் தேவை; நம்மிடம் இருந்தது 30. பூலைக் கூட்டியதும் கேட்வேக்கு ஒரே நேரத்தில் போகிற கோரிக்கை கூடி, அது ஒரு நிமிடத்துக்கு மேல் எடுக்கத் தொடங்கியது. அப்போது தேவை 90ஐயும் தாண்டிவிடும். டேட்டாபேஸுக்கு உண்மையில் இருந்த வேலை ஒரு சான்றிதழுக்கு 20 மில்லிவினாடி. அதை வைத்துப் பெருக்கினால் 0.03. அதே கூட்டத்துக்கு ஒரு கனெக்‌ஷன் போதும்! பெருக்கலில் கூட்டத்தின் பங்கு அந்த ஒன்றரைதான். பிள்ளைகள் பாதிப் பேர் வராமலே போயிருந்தாலும், கேட்வே இன்னும் கொஞ்சம் மந்தமானதும் தளம் படுத்திருக்கும்.

ஆகவே முதலில் கமிட். எஸ்எம்எஸ் அனுப்ப வேண்டியதைத் தனி அட்டவணையில் எழுதிவிட வேண்டும். அதைப் படித்து அனுப்ப வேறொரு சிறு பிராசஸ். பைத்தானின் ரெக்வெஸ்ட்ஸ் நூலகம் நாம் கெடு சொல்லாவிட்டால் எவ்வளவு நேரமானாலும் காத்துக்கொண்டே இருக்கும், அதற்கு 10 வினாடி வைத்தோம். பூல் அளவைப் பழையபடி குறைத்தோம். போஸ்ட்கிரெஸிலும், டிரான்சாக்‌ஷனுக்குள் சும்மா நிற்பவரை ஒரு நிமிடத்தில் வெளியேற்றச் சொன்னோம். 9.6 பதிப்பிலிருந்து அந்த வசதி இருக்கிறது, ஆனால் நாமாகப் போடாதவரை வேலை செய்யாது.

அனுப்பும் பிராசஸை எழுதும்போது ஒரு கண்ணி உண்டு, கவனம். எஸ்கியூஎல் ஆல்கெமி கமிட் ஆனதும் கையில் இருக்கிற தகவலைப் பழையது என்று கருதிவிடும். அதற்குப் பிறகு மாணவரின் போன் எண்ணைக் கேட்டால், சத்தமில்லாமல் டேட்டாபேஸுக்குப் போய்ப் புது டிரான்சாக்‌ஷன் திறந்துவிடும். பழைய கதைதான் மறுபடியும். எண்ணைக் கமிட்டுக்கு முன்பே சாதாரண மாறியில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

"பிஜிபவுன்சர் போட்டா சரியாகிடாதாக்கா?" என்று ஒரு தம்பி கேட்டான். நல்ல கருவிதான். ஆனால் டிரான்சாக்‌ஷன் முடிந்தால்தான் அது கனெக்‌ஷனை அடுத்தவருக்குத் தரும். முடிக்காமல் நிற்பவரை, நாமாகக் கெடு போடாதவரை, அதுவும் ஒன்றும் செய்யாது.

இதே போலத் தெரிகிற வேறொரு நோயும் உண்டு: கனெக்‌ஷனை எடுத்த கோட், நடுவில் எரர் வந்தால் திருப்பித் தராமலே ஓடிவிடுவது. இரண்டையும் பிரித்தறிய இரவு இரண்டு மணிக்கு எண்ணிப் பாருங்கள். ஆளே இல்லாத நேரத்திலும் எண்ணிக்கை இறங்கவில்லை என்றால் கசிவு. கூட்டத்தோடு ஏறி கூட்டத்தோடு இறங்கினால், வைத்திருக்கும் நேரம்தான் பிரச்சினை. ரீஸ்டார்ட் இரண்டையும் பத்து நிமிடம் மறைக்கும், அவ்வளவுதான்.

அந்த ரீஸ்டார்ட்டுதான் எனக்குக் கவலையாக இருந்தது. பொறுமை போய் இரண்டு முறை மெஷினையே அணைத்துப் போட்டிருந்தார்கள். அந்த நேரத்தில் கமிட் ஆகாமல் நின்ற வரிகள் அத்தனையும் அழிந்திருக்கும். ஆனால் அவற்றில் சிலவற்றுக்கு எஸ்எம்எஸ் ஏற்கெனவே போய்விட்டது. போனில் "கிடைத்தது" என்று இருக்கிறது, டேட்டாபேஸில் ஒன்றுமில்லை. அந்தப் பிள்ளை நிம்மதியாக வீட்டில் இருக்கும்; கெடு முடிந்த பிறகுதான் தெரியவரும்.

கேட்வேயிலிருந்து அனுப்பிய எண்களின் பட்டியலை இறக்கி, சான்றிதழ் அட்டவணையோடு ஒப்பிட்டோம். 11 எண்கள் இடித்தன. தன்னார்வலர்கள் ஆளுக்குச் சிலராகப் பிரித்துக்கொண்டு கூப்பிட்டார்கள். அன்று இரவே 9 பேர் மறுபடி ஏற்றிவிட்டார்கள். மீதி 2 எண்ணும் ஒரே நெட் சென்டர்காரருடையது; சொந்த போன் இல்லாத பிள்ளைகள் அவர் எண்ணைக் கொடுத்திருந்தார்கள். அவர் மறுநாள் காலை கடை திறப்பதற்கு முன் இரண்டு வீட்டுக்கும் போய்ச் சொல்லிக் கூட்டிவந்தார்.