சிங்கப்பூரில் தனியாக நான்கு நாட்கள்

எனது மகள் சிங்கப்பூரில் ஒரு வைத்தியசாலையில் தாதியாக வேலை செய்கிறாள். 2023ஆம் ஆண்டு அவள் விமானச் சீட்டு அனுப்பி என்னை அழைத்திருந்தாள். போய் இறங்கிய மறுநாளே அவளுக்கு நான்கு நாட்கள் தொடர்ந்து 12 மணித்தியால வேலை வந்துவிட்டது. "அம்மா, அறைக்குள்ளே அடைஞ்சு கிடக்காமல் தனியப் போய்ப் பாருங்கோ. இஞ்ச ஒருத்தரும் ஒண்டும் கேக்க மாட்டினம்" என்று சொல்லி, பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் பொதுவான அட்டை ஒன்றைக் கையில் தந்துவிட்டுப் போனாள்.

தனியே போவது எங்களுக்குப் புதிதல்ல. கச்சேரிக்கும் நீதிமன்றத்துக்கும் முகாம்களுக்கும் கோவைகளைச் சுமந்துகொண்டு தனியே அலைந்தவர்கள்தானே நாங்கள். ஆனால் ஒரு பூந்தோட்டத்தைப் பார்ப்பதற்கென்று தனியாகப் புறப்பட்டவர்கள் எங்களில் எத்தனை பேர்? முதல் நாள் பஸ் தரிப்பிடத்தில் நின்றபோது அடையாள அட்டை இருக்கிறதா என்று மூன்று தடவை பையைத் திறந்து பார்த்தேன். அங்கே அதை யாரும் கேட்கவில்லை. ஆனாலும் கை தானாகவே போய்த் தேடுகிறது.

முதலில் போனது தாவரவியல் பூங்காவுக்கு. அங்குள்ள தமிழர்கள் அதைப் 'பூமலை' என்கிறார்கள். எவ்வளவு நல்ல பெயர்! 1859இல் இந்த இடத்தில் அமைக்கப்பட்ட அப்பூங்காவை 2015இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைச் சொத்தாக அறிவித்தது. உள்ளே போகக் கட்டணம் இல்லை. காலை 5 மணிக்கே திறந்துவிடுகிறார்கள். வயதான சீனப் பெண்கள் கூட்டமாக நின்று உடற்பயிற்சி செய்கிறார்கள். வீட்டுப் பணிப்பெண்கள் சிலர் குழந்தை வண்டிகளைத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். ஓரிடத்தில் 'தெம்புசு' என்ற பெரிய மரம் நிற்கிறது. பூங்காவுக்கும் முந்திய மரமாம். அதன் ஒரு கிளை நிலத்தோடு சரிந்து நீண்டு கிடக்கிறது. அந்நாட்டு 5 வெள்ளித் தாளில் உள்ள படம் இந்த மரம்தான். தாளை எடுத்து மரத்துக்கு நேரே பிடித்து ஒத்துப்பார்த்தேன். பக்கத்தில் நின்ற ஒரு வெள்ளைக்காரரும் அதையே செய்துகொண்டிருந்தார்.

இறப்பர் மரங்களின் கதை எங்களுக்கும் சொந்தமானது. பிரேசிலில் இருந்து இலண்டனுக்குக் கொண்டுபோன விதைகளில் முளைத்த 1,900க்கும் மேற்பட்ட நாற்றுக்கள் 1876இல் இலங்கைக்கு வந்தன. அவற்றை கம்பஹாவில் உள்ள ஹெனரத்கொட தோட்டத்தில் நட்டார்கள். சிங்கப்பூருக்குப் போனவை 1877இல் வெறும் 22 நாற்றுக்கள். பூமலையின் பணிப்பாளராக இருந்த ஹென்றி ரிட்லி என்பவர், மரத்தைச் சாகவிடாமல் பட்டையில் சாய்வாகக் கீறிப் பால் எடுக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். இறப்பர் நடச்சொல்லித் தோட்டக்காரர்களைக் கரைச்சல்படுத்தியதால் அவரைப் பைத்தியக்காரன் என்றும் கேலி செய்தார்களாம். அந்தக் கீறலை இன்றைக்கும் களுத்துறையிலும் கேகாலையிலும் விடியற்காலையில் பால்வெட்டுக்குப் போகும் எங்கள் தோட்டப் பெண்களின் கைகள் செய்துகொண்டிருக்கின்றன. பூங்காவின் பலகைகளில் அவர்களுக்கும் ஓர் வரி எழுதியிருக்கலாம்.

ஓர்கிட் தோட்டத்துக்குக் கட்டணம் உண்டு. சாப்பாட்டுச் செலவைக் குறைத்துக்கொண்டு உள்ளே போனேன். சிங்கப்பூரின் தேசிய மலர் 'வன்டா மிஸ் ஜோக்கிம்' என்ற ஊதா நிற ஓர்கிட். அக்னஸ் ஜோக்கிம் என்ற ஆர்மேனியப் பெண் தனது வீட்டுத் தோட்டத்தில் உருவாக்கியது. 1893இல் அவர் அதை ரிட்லியிடம் கொண்டுபோய்க் காட்டினார். இரண்டு வகை ஓர்கிட்களைச் சேர்த்து இப்பெண் இதை உண்டாக்கினார் என்று ரிட்லியே எழுதி வைத்தார். ஆனால் பிற்காலத்தில் வந்தவர்கள், அது தற்செயலாக முளைத்தது, மூங்கில் பற்றைக்குள் அவர் கண்டெடுத்தார், அவ்வளவுதான் என்று சொல்லத் தொடங்கினார்கள். பூச்செடி வளர்க்கும் பெண்ணுக்கு இத்தனை அறிவு இருக்குமா என்ற சந்தேகம்தான், வேறென்ன? 1981இல் பூவைத் தேசிய மலராக்கினார்கள். அதை உருவாக்கியவர் அக்னஸ்தான் என்று அந்நாட்டு நிறுவனங்கள் ஏற்றுக்கொண்டது 2016இல். அவர் இறந்ததோ 1899இல், 45 வயதில், புற்றுநோயினால்.

மறுநாள் ஹில் வீதியில் உள்ள ஆர்மேனியத் தேவாலயத்துக்குப் போய் அவருடைய கல்லறைக் கல்லைப் பார்த்தேன். 1835இல் கட்டிய சிறிய வெள்ளைத் தேவாலயம். அன்றைக்கு அங்கே என்னைத் தவிர யாரும் இல்லை.

அங்கிருந்து கால்நடையாகவே போகக்கூடிய தூரத்தில் போரில் இறந்த பொதுமக்களுக்கான நினைவுச் சின்னம் இருக்கிறது. 60 மீற்றருக்கும் மேல் உயர்ந்த நான்கு வெண்தூண்கள். சீனர், மலாயர், இந்தியர், ஏனையோர் என்று நான்கு சமூகத்தாரையும் குறிக்கின்றன. 1942 பெப்ரவரியில் ஜப்பானியப் படை சிங்கப்பூரைப் பிடித்தது. சில நாட்களுக்குள் சீன ஆண்களை விசாரணை என்று சொல்லிச் சில இடங்களில் கூடச் சொன்னார்கள். பலரை லொறிகளில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர்கள் திரும்பி வரவில்லை. 20 வருடங்களுக்குப் பிறகு, 1962இல், சிக்லாப் பகுதியில் புதைகுழிகள் அகப்பட்டன. எலும்புகளைச் சேகரித்துத் தாழிகளில் இட்டு இந்தத் தூண்களின் அடியில் வைத்தார்கள். 1967 பெப்ரவரி 15இல் சின்னம் திறந்து வைக்கப்பட்டது. ஒவ்வொரு வருடமும் அதே நாளில் நினைவுகூருகிறார்கள்.

2009 மே மாதத்துக்குப் பிறகு என் கணவரைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை. இதை வாசிக்கும் சகோதரிகளில் பலருக்கும் இதே கதைதான். அந்த எலும்புகளில் எது யாருடையது என்று பிரித்துச் சொல்ல முடியாமல்தான் எல்லாரையும் ஒன்றாக வைத்தார்கள். ஆனாலும் பூக்கொண்டு போக ஓர் இடம் இருக்கிறது. ஆட்கள் அலுவலகத்துக்குப் போகும் வழியில், நகரத்தின் நடுவில், ஒளிவு மறைவில்லாமல் இருக்கிறது. தமிழிலும் எழுதியிருக்கிறார்கள். அந்த எழுத்துக்களை வாசித்துக்கொண்டு வெகுநேரம் இருந்தேன். ஒருவரும் என்னை எழும்பச் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் சிலோன் றோட்டுக்குப் போனேன். சிங்கப்பூரின் முதல் வெளியுறவு அமைச்சர் இராஜரட்ணம் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர் என்பது பலருக்குத் தெரிந்திருக்கும். அவரைப்போல எங்கள் ஊர்களிலிருந்து போனவர்களின் கோவில் அங்குள்ள செண்பக விநாயகர் கோவில். அர்ச்சனை செய்து, அன்னதானமும் சாப்பிட்டேன். "எந்த ஊர் பிள்ளை?" என்று ஒரு வயோதிப அம்மா கேட்டா. முல்லைத்தீவு என்றேன். என் கையைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, இன்னும் ஒரு கரண்டி பாயாசம் ஊற்றுவித்தா.

கடைசி மாலை கரையோரப் பூந்தோட்டங்களுக்கு. கடலை நிரப்பி எடுத்த நிலத்தில் 2012இல் திறந்தது. கண்ணாடிக் கூடாரத்துக்குள் 35 மீற்றர் உயரச் செயற்கை மலையும் அருவியும் இருக்கின்றன. நுழைவுச் சீட்டு விலை கூட. நான் வெளியில் உள்ளவற்றையே பார்த்தேன். இரும்பால் செய்த 18 பெரிய மரங்கள், உயர்ந்தது 50 மீற்றர். உடம்பு முழுக்கச் செடி கொடிகளை ஏற்றியிருக்கிறார்கள். உண்மையைச் சொன்னால், பூமலையின் பழைய தெம்புசுவுக்கு முன்னால் இவை எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

இரவு 7.45க்கு அந்த மரங்களில் விளக்குக் காட்சி, இலவசம். வானத்தில் சட்டென்று வெளிச்சம் பரவியதும் எனக்கு நெஞ்சு இடித்தது. பரா வெளிச்சம் போட்டால் பங்கருக்குள் ஓடியவர்களுக்கு அது விளங்கும். சுற்றிப் பார்த்தேன். தாய்மாரும் பிள்ளைகளுமாகச் சனங்கள் சீமெந்துத் தரையில் மல்லாந்து படுத்துக்கிடந்து மேலே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நானும் அவர்களுக்குப் பக்கத்தில் படுத்தேன். அடுத்த காட்சி 8.45க்கு என்று சொன்னார்கள். அதற்கும் இருந்து பார்த்துவிட்டுத்தான் ரயில் ஏறினேன்.