தீவுகளும் பறவைகளும் நாமும்

டென்மார்க் கடலாற் சூழப்பட்ட நாடு என்பதைவிடக் கடலுக்குள் சிதறிக் கிடக்கும் நாடு என்பதே பொருந்தும். பெயரிடப்பட்ட தீவுகள் மட்டும் இங்கு நானூறுக்கு மேல். நாட்டின் எந்த மூலையில் நின்றாலும் கடல் 52 கிலோமீற்றருக்கு அப்பால் இல்லை. இத்தகைய நாட்டில் முப்பது, நாற்பது ஆண்டுகளாக வாழும் எம்மவரிடம், "எத்தனை தீவுகளைப் பார்த்திருக்கிறீர்கள்?" என்று கேட்டால் விடை சொல்வதற்குப் பெரும்பாலோர் சற்றுத் தயங்குவர். யூலண்டிலிருந்து கோப்பன்ஹேகனுக்குக் கல்யாணவீட்டிற்குப் போகும்போது ஃபூன் தீவைக் கடந்திருப்பர். 1998இல் வாகனங்களுக்குத் திறக்கப்பட்ட பெரும்பாலத்தின் மேலாகச் சென்று ஷேலண்ட் தீவில் இறங்கியிருப்பர். அவையும் தீவுகள் என்பதே பலருக்கு நினைவில் இராது.

இதற்காக எவரையும் குறைகூற நாம் முன்வரவில்லை. வந்த காலத்தில் மொழிப்பாடம், பின்னர் தொழிற்சாலையில் இரவு வேலை, ஊரிலுள்ள உடன்பிறப்புகளுக்கு அனுப்பவேண்டிய பணம், பிள்ளைகளின் தமிழ்ப்பாடசாலை, ஹேர்னிங்கிலும் பிறாண்டவிலும் கோவில் திருவிழா என்று ஆண்டுகள் ஓடிவிட்டன. கோடை விடுமுறை கிடைத்தால் இலண்டனிலோ பாரிசிலோ உள்ள உறவினர் வீடு. வசதி கூடியபின் கனடா. அமைதி வந்தபின் யாழ்ப்பாணம். வாழும் நாட்டைச் சுற்றிப் பார்ப்பதற்கென ஒரு வாரத்தை எவரும் ஒதுக்கியதில்லை. ஆனால் அன்று இளைஞராக வந்தவர்கள் இன்று ஓய்வூதிய வயதை எட்டியுள்ளனர். பேரப்பிள்ளைகள் பாடசாலைக்குப் போகின்றனர். இந்த ஓய்வை எங்கே, எவ்வாறு கழிப்பது என்ற கேள்விக்கு ஒரு விடையையே இங்கு எழுத விழைகின்றோம். வழிகாட்டி ஒருவருடன் தீவுகளுக்குச் சென்று பறவை பார்த்தல் என்பதே அது.

வெள்ளைக்காரரின் பொழுதுபோக்கு என்று முகஞ்சுழிக்க வேண்டியதில்லை. டென்மார்க்கின் பறவையியற் சங்கம் 1906ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. நாடெங்கும் அதற்குக் கிளைகள் உள்ளன. அக்கிளைகள் ஆண்டு முழுவதும் நடத்தும் உலாக்களிற் பல, அங்கத்தவரல்லாதோருக்கும் திறந்தவை. ஒரு காலைப்பொழுது நடந்து திரும்பும் உலாக்கள் ஒருவகை. ஒரு தீவில் இரண்டு மூன்று நாட்கள் தங்கி, அடுத்த தீவுக்குப் படகேறும் பயணங்கள் இன்னொரு வகை. வழிகாட்டி முன்னே நடப்பார். பறவையின் பெயரைச் சொல்வார். எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று விளக்குவார். எத்தனை கண்டோம் என்பதைக் குறித்துக்கொள்வார். கல்விச் சுற்றுலாவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிச் சென்ற பழைய ஆசிரியர்களுக்கு இது புதிய காட்சியன்று.

தீவுகள் ஒன்றைப்போல் ஒன்று இருப்பதில்லை என்பதே இப்பயணங்களின் சுவை. கிழக்கே, பால்டிக் கடலில், போர்ண்ஹொல்மின் வடகிழக்கே கிடப்பது கிறிஸ்ரியான்சோ. 1684ஆம் ஆண்டிற் கோட்டை கட்டத் தொடங்கிய கருங்கற் பாறை அது. அதன் அயலிலுள்ள சிறு பாறைத்தீவான கிறேஸ்ஹொல்ம் 1926 முதல் பறவைகளின் சரணாலயம். மனிதர் கால்வைக்க அங்கு அனுமதி இல்லை. படகிலிருந்தும் அயற்பாறையிலிருந்துமே பார்க்கலாம். தெற்கே மோன் தீவில் வெண்சுண்ணாம்புச் செங்குத்து மலை. பூச்சிகொல்லி மருந்துகளின் நஞ்சினால் இந்நாட்டிற் கூடுகட்டாது மறைந்துபோன பைரி என்னும் வல்லூறு, 2001இல் அம்மலைக்கே மீண்டும் வந்து குஞ்சு பொரித்தது. ஃபால்ஸ்ரர் தீவின் தென்முனையான கெட்சரில் இலையுதிர்காலத்தில் நின்றால், தெற்கு நோக்கிக் கடல்கடக்கும் பறவைக் கூட்டங்களைக் காலை முழுவதும் காணலாம். 1990களின் நடுப்பகுதியில் மீண்டும் கூடுகட்டத் தொடங்கிய வெண்வாற் கடற்கழுகு இன்று நூறு இணைகளுக்கு மேலாகப் பெருகியுள்ளது.

மேற்கே இருப்பது வாடன் கடல். டென்மார்க், ஜேர்மனி, நெதர்லாந்து ஆகிய மூன்று நாடுகளின் கரையோரமாக நீண்டு கிடக்கும் ஆழமற்ற சேற்றுக்கடல் அது. நாளுக்கு இருமுறை நீர் வற்றும். வற்றியதும் கண்ணுக்கெட்டிய தூரம் சேறும் மணலும். ஆண்டொன்றுக்குப் பத்து மில்லியனுக்கும் மேற்பட்ட வலசைப் பறவைகள் இங்கு இறங்கி இரையெடுத்துச் செல்கின்றன. 2010இல் டென்மார்க் பகுதி தேசியப் பூங்காவாயிற்று. 2014இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இணைக்கப்பட்டது. ஃபானோவுக்கு எஸ்பியரிலிருந்து பன்னிரண்டு நிமிடப் படகு. றோமோவுக்கு, எமது பண்ணைப் பாலத்தை நினைவூட்டும்படி, கடலை ஊடறுத்து 1948இல் திறக்கப்பட்ட தெரு. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள மானோவுக்குப் பாலமும் இல்லை, படகுத்துறைப் பரபரப்பும் இல்லை. நீர் வற்றியபின் கடலின் அடித்தரையிலேயே கிடக்கும் பாதையில், உழவு இயந்திரம் இழுக்கும் வண்டியில் ஏறிப் போகவேண்டும். ஐம்பது பேர்கூட நிரந்தரமாக வாழாத தீவு அது.

சில ஆண்டுகளின் முன்னர் செப்ரெம்பர் மாதத்தில் எம்மவர் சிலர், மூன்று தலைமுறையினராக, மானோவுக்குச் சென்றோம். தீவகத்தைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் எம்முடன் வந்திருந்தார். ஊரிற் கடற்றொழில் செய்தவர். இங்கு பன்றி இறைச்சித் தொழிற்சாலையில் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை செய்தவர். டேனிஷ் மொழி அவருக்கு அதிகம் வசப்படவில்லை. எனவே கூட்டங்களில் அவர் பேசுவதே அரிது. சேற்றில் இறங்கியதும் அவர் நடை மாறியது. கால்புதையாமல் எங்கே மிதிக்கவேண்டும் என்று எமக்குக் காட்டினார். சேற்றின்மேற் சுருள் சுருளாகக் கிடந்த மணற்குவியல்களைக் கண்டு, "இதற்குக் கீழே புழு இருக்கும், அதுக்குத்தான் இந்தக் குருவியள் வருகுது. பெருக்குத் தொடங்கினால் எல்லாம் கரைப்பக்கம் ஒதுங்கும், அப்ப கிட்ட நின்று பார்க்கலாம்" என்றார். பேத்தி அதனை டேனிஷில் மொழிபெயர்த்தாள்.

வழிகாட்டி தான் சொல்ல எடுத்ததை நிறுத்திவிட்டு, அவர் ஊரில் வற்றும் பெருக்கும் எப்படி, வலை எப்படிக் கட்டுவீர்கள் என்று கேட்கத் தொடங்கினார். பெரியவர் களங்கண்டி வலை நாட்டும் முறையைத் தடியாற் சேற்றிற் கீறிக் காட்டினார். அரைமணி நேரம் அவ்வாறு கழிந்தது. திரும்பும் வழியிற் பேத்தி, "அப்பப்பா, இதெல்லாம் உங்களுக்குத் தெரியுமென்று ஏன் ஒருநாளும் சொல்லேல்லை?" என்றாள். "ஆர் பிள்ளை கேட்டது?" என்றார் அவர்.

இந்த ஒரு விடைக்காகவே இக்கட்டுரையை எழுதுகின்றோம் என்று கூறினும் தவறில்லை. எமது முதல் தலைமுறையினரிடம் கடலும் வயலும் மரமும் பறவையும் பற்றிய அறிவு நிறைந்து கிடக்கின்றது. மொழி வகுப்பிலும் தொழிற்சாலையிலும் அந்த அறிவுக்கு இடமில்லை. ஆகவே அவர்கள் அறியாதவர்கள் என்றே பிள்ளைகள் எண்ணி வளர்கின்றனர். சேற்றுக்கடலில் மொழி பின்னாலே நிற்கின்றது. கண் முன்னாலே போகின்றது. பெரியவர் ஒருவர் தமது பேரப்பிள்ளையின் முன் மீண்டும் ஆசானாக நிற்கும் இடம் இந்நாட்டில் வேறெங்கு உண்டு?

அன்று கண்ட பறவைகளுள் ஒன்று, கரையிற் கிடந்த சிறுகற்களையும் சிப்பிகளையும் அலகாற் புரட்டி இரைதேடியது. டேனிஷிற் கல்லைப் புரட்டுவது என்ற பொருளிலேயே அதன் பெயர் அமைந்துள்ளது. தமிழில் அதற்குக் கல்திருப்பி உள்ளான் என்று பெயர். இருமொழியாரும் ஒரே செயலைக் கண்டு ஒரே பெயரை இட்டுள்ளனர். வடதுருவத்தை அண்டிய நாடுகளில் முட்டையிடும் இவ்வினம், வாடன் கடலில் இறங்குவதுபோலவே, மன்னாரிலும் யாழ்ப்பாணக் கரைகளிலும் மாரிகாலத்திற் காணப்படும். கோடை விடுமுறையில் ஊருக்குப் போகும் எமது பிள்ளைகள் இதனை அங்கு காண்பது அரிது. வந்தவை அந்நேரம் வடக்கே திரும்பியிருக்கும். 1938இற் சரணாலயமாக்கப்பட்ட சுண்டிக்குளத்தையும், 2010இல் றாம்சார் ஈரநிலமாக ஏற்கப்பட்ட வங்காலையையும் பார்க்க விரும்புவோர் மார்கழி, தை மாதங்களிற் போகவேண்டும்.

ஆசிரியப்பணி புரிந்தோர் அறிந்திருக்கவேண்டிய பெயர் ஒன்றும் இங்குண்டு. ஹன்ஸ் கிறிஸ்ரியான் மோர்ட்டென்சன் என்பவர் வீபோர்க் நகரில் ஆசிரியராக இருந்தவர். 1899ஆம் ஆண்டு அவர், எமது மைனாவின் இனத்ததான 'ஸ்ரேர்' என்னும் பறவைகளைப் பிடித்து, இலக்கமும் ஊர்ப்பெயரும் பொறித்த அலுமினிய வளையங்களை அவற்றின் காலில் மாட்டிப் பறக்கவிட்டார். பின்னர் ஃபானோத் தீவிற் பிடிபட்ட தாராக்களுக்கும் அவ்வாறு செய்தார். அப்பறவையை எங்கேனும் கண்டெடுப்பவர் கடிதம் எழுதினால் அதன் பயணம் தெரியவரும். இன்று உலகெங்கும் நடைபெறும் வளையமிடும் ஆராய்ச்சிக்கு வழிவகுத்தவர் அந்தப் பள்ளி ஆசிரியரே. அதே இனப்பறவைகள் மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் செப்ரெம்பர், ஒக்ரோபர் மாதங்களிலும் தொனர் பகுதிச் சதுப்புநிலத்தின் மேல் அந்திப்பொழுதில் இலட்சக்கணக்கிற் சுழன்று, வானத்தை மறைத்து, நாணற்புதரில் அடையும். அக்காட்சியைக் 'கரிய சூரியன்' என்று இந்நாட்டார் அழைக்கின்றனர். இதற்கென்றே வழிகாட்டியுடன் மாலை உலாக்கள் நடைபெறுகின்றன.

வளையம் எமக்கு இன்னொன்றையும் உணர்த்துகின்றது. எமது விழா மேடைகளில் 'நாங்கள் வலசைப் பறவைகள்' என்று பேசாதவர் இல்லை. கேட்பதற்கு அழகாகவே உள்ளது. ஆயின் வலசைப் பறவை தன் காலக்கணக்கின்படி புறப்படுகின்றது. தன் காலக்கணக்கின்படி திரும்புகின்றது. பெரும்பாலும் பழைய கூட்டின் அருகிலேயே இறங்குகின்றது. குண்டுவீச்சுக்கு அஞ்சி இரவோடிரவாகப் புறப்பட்டவர்களுக்கும், 1987 முதல் நிறுத்திவைக்கப்பட்ட குடும்ப இணைப்பு அனுமதிக்காக மனைவி மக்களைப் பிரிந்து காத்திருந்தவர்களுக்கும், அந்த உவமை பொருந்துமா? அந்த அநீதி வெளிப்பட்டதனால் 1993 ஜனவரியில் ஓர் அரசாங்கமே பதவி விலகியது என்பதை வாசகர் அறிவர்.

எமக்குப் பொருந்தும் பறவை வேறொன்று. சாம்பல் நிறம், கழுத்தின் பின்புறத்திற் கரிய அரைவளையம், தமிழிற் கள்ளிப்புறா. இலங்கையில் அது வரண்ட வடபகுதியை, மன்னாரையும் யாழ் குடாநாட்டையும் சார்ந்தே பெரிதும் வாழ்கின்றது. தென்னாசியாவைத் தாயகமாகக் கொண்ட இவ்வினம் துருக்கி, பால்கன் நாடுகள் என்று படிப்படியாகப் பரவி, 1950ஐ அண்டிய ஆண்டுகளில் டென்மார்க்கிற் கூடுகட்டத் தொடங்கியது. துருக்கிப் புறா என்ற பொருளில் இந்நாட்டார் அதற்குப் பெயரிட்டனர். அது வலசை போவதில்லை. பனியிலும் இங்கேயே இருக்கின்றது. மனிதர் வீட்டருகே சிந்திய தானியத்தைப் பொறுக்கி, தோட்டத்து மரத்திற் கூடுகட்டிக் குஞ்சு பொரிக்கின்றது. இன்று பறவை நூல்களில் அது விருந்தாளியாக அன்று, நாட்டின் நிரந்தரப் பறவையாகவே குறிக்கப்படுகின்றது. அதன் குரலோ மன்னாரிலும் ஹேர்னிங்கிலும் ஒன்றே. புதிய மண்ணில் வேரூன்றுவதற்காக அது தன் குரலை மாற்றிக்கொள்ளவில்லை. எமது பிள்ளைகளுக்கு வலசைப் பறவையின் சோகத்தைக் கற்பிப்பதைவிட இந்தப் புறாவைக் காட்டுவது நன்று.

தீவுக்குப் போக இயலாதவர்களுக்கு யூலண்டிலேயே ஸ்கேர்ன் ஆறு உண்டு. 1960களில் வயல்நிலத்திற்காக நேராக்கப்பட்ட அவ்வாற்றை, 1999 முதல் 2002 வரை மீண்டும் வளைந்தோட விட்டனர். சதுப்புநிலம் திரும்பியது, நீர்ப்பறவைகளும் திரும்பின.

செல்ல விரும்புவோர்க்குச் சில குறிப்புகள். பறவையியற் சங்கத்தின் உங்கள் பகுதிக் கிளையில் உலா நாட்களை விசாரியுங்கள். மானோவுக்குப் போகுமுன் வற்றும் பெருக்கும் நேரங்களை உறுதிசெய்யுங்கள். வழிகாட்டியின்றிச் சேற்றுக்கடலில் இறங்குவது உயிருக்கு ஆபத்தானது. முழங்கால்வரை வரும் இறப்பர் சப்பாத்தும் காற்றைத் தடுக்கும் மேலங்கியும் கட்டாயம். தொலைநோக்கி வீட்டுக்கொன்று போதும், கைமாறிப் பார்க்கலாம். சுடுநீர்ப்போத்தலில் தேநீரும் பொதிசெய்த புட்டும் கொண்டுபோவதை எந்த வழிகாட்டியும் தடுப்பதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டிலுள்ள பெரியவர்களைக் கூட்டிச் செல்லுங்கள். முழங்கால் நோகும், குளிரும், எனக்கென்னத்திற்கு என்பார்கள். கேளாது கூட்டிச் செல்லுங்கள். அங்கே பறவையைக் காட்டி, எங்கட ஊரில் இதற்கு என்ன பெயர் என்று பிள்ளைகளைக் கேட்கச் செய்யுங்கள். கேட்பார் இன்மையால் சொல்லப்படாது கிடப்பவை எம் வீடுகளில் இன்னும் அநேகம்.