தண்ணீருக்கு ஒரு வீடு

ராஜகீழ்ப்பாக்கத்தில் வீடு கட்டியவர்கள் பெரும்பாலும் இரண்டு வீடுகள் கட்டியிருக்கிறார்கள். ஒன்று தரைக்கு மேலே, மனிதர்களுக்கு. மற்றொன்று தரைக்கு அடியில், தண்ணீருக்கு. மேல் வீட்டுக்கு அவ்வப்போது வெள்ளையடிக்கிறோம். கீழ் வீட்டின் மூடியைத் திறப்பதோ மோட்டார் மக்கர் செய்யும்போதுதான்.

எங்கள் சம்ப்பு பத்தாயிரம் லிட்டர் கொள்ளும். வயது முப்பதைத் தாண்டிவிட்டது. சென்ற கார்த்திகையில் திறந்து பார்த்தபோது, மேல்தளத்தில் காரை உதிர்ந்து, துருப்பிடித்த கம்பிகள் வெளியே தெரிந்தன. மேஸ்திரி வந்தார். சுத்தியலால் தட்டினார். சில இடங்களில் சத்தம் பொத்தென்று கேட்டது.

"கம்பி ஊதியிருக்கு, சார்."

அவர் சொன்னது ரசாயன உண்மை. புதுக் கான்கிரீட்டிலுள்ள காரம் இரும்பைத் துரு அண்டாமல் காக்கிறது. காற்றின் கரியமில வாயு வருஷக்கணக்கில் அந்தக் காரத்தைக் குறைத்துவிடுகிறது. பிறகு ஈரம் தன் வேலையைத் தொடங்கும். துருவுக்கு இரும்பைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இடம் வேண்டும். இடமில்லாவிட்டால் கான்கிரீட்டையே பிளந்து தள்ளும். அமெரிக்காவில் தோட்டத்து நீச்சல் குளங்கள் சிலவற்றுக்கு இரும்புத் தகட்டில் சுவர் வைக்கிறார்கள். அவற்றுக்கும் இதே வியாதிதான்: உள்ளே பளபளப்பு, வெளியே ஈரமண் அரித்துக்கொண்டிருக்கும்.

"நாளைக்கே தண்ணீரை இறைத்துவிடலாமே?" என்றேன்.

"இப்போ காலி பண்ணக்கூடாது, சார். உள்ளே தண்ணி இருக்கிறதாலேதான் தொட்டி நிக்குது. சித்திரையில வர்றேன். அதுவரைக்கும் இதும்மேல வண்டி நிறுத்தாதீங்க."

காலித் தொட்டி மண்ணுக்குள் புதைந்த படகு. செம்பாக்கம் ஏரி நிரம்பி, நிலத்தடி நீர் மேலேறும் நாட்களில், அது தொட்டியைக் கீழிருந்து தூக்கும். சுவர்களையும் உள்ளே நெருக்கும். 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை பெய்ததைப் பார்த்தவர்களுக்கு, இங்கே தண்ணீர் எவ்வளவு உயரம் வரும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கொத்து வேலை கிடைக்காத மழைக்காலம் அது. முன்பணம் என் கையிலேயே இருந்தது. மேலாகப் பூசிவிட்டு வாங்கிக்கொண்டு போயிருந்தால், நாலைந்து வருஷத்துக்கு யாருக்கும் தெரிந்திராது. அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டார்.

சித்திரையில் வந்தார். தொட்டியைக் காலி செய்ய ஏற்ற காலம் எதுவோ, அதுவே ஒரு குடத்துக்கும் கணக்குப் பார்க்கும் காலம். 2019 கோடையில் சென்னை ஏரிகள் வறண்டதை மறக்காத என் மனைவி முகம் சுளித்தாள். அண்டா, வாளி, பக்கத்து வீட்டுப் பீப்பாய் எல்லாம் நிரம்பின.

தொட்டி வறண்டதும் கையாள் பையன் ஏணியை எடுத்தான். மேஸ்திரி அவன் தோளைப் பிடித்து நிறுத்தினார். மூடிக் கிடந்த தொட்டிக்குள் மூச்சுக்குக் காற்று இருக்குமென்று நம்பக்கூடாது. இறங்கியவரும், அவரைத் தூக்க இறங்கியவரும் சேர்ந்து மாண்ட கதைகள் நம் ஊரில் உண்டு. ஒரு பகல், ஓர் இரவு மூடி திறந்தே கிடந்தது. மறுநாள் மின்விசிறி வைத்துக் காற்றை உள்ளே செலுத்தினார். பிறகு பையனை மேலே கயிற்றுடன் நிற்க வைத்துவிட்டுத் தாமே இறங்கினார்.

பொக்கான காரையைக் கொத்தி, கம்பியின் முதுகுப்புறம்வரை துருவைச் சுரண்டி, மெலிந்துபோன இடங்களில் புதுக் கம்பி சேர்த்து, துருத்தடுப்புப் பூச்சடித்து, கலவை பூசி, ஏழு நாள் ஈரம் காயாமல் காத்தார்.

கூலி வாங்கும்போது, "ஆறு மாசத்துக்கு ஒருதரம் திறந்து பாருங்க, சார்" என்றார்.

மூடியைப் போட்டுவிட்டோம். அவர் செய்த வேலையில் ஓர் அங்குலம்கூட இப்போது வெளியே தெரியவில்லை.