நாற்பதைக் கடந்தபின் ஒரு சபுர்



எங்கள் குறிஞ்சிப்பாடித் தறிகளில் நெய்யப்படும் கைலி கடல் கடந்து செல்வதைப் பலரும் அறிவீர்கள். கைலியைப் போலவே எங்கள் ஆண்களும் கடல் கடந்தனர். என் அத்தா இளமையில் 'ரஜுலா' கப்பலேறிப் பினாங்கு சென்றவர்கள். பிறகு 'சிதம்பரம்' கப்பல். 1984-இல் அதுவும் தீக்கிரையானபின் விமானம். 'சபுராளி மகன்' என்று ஊரார் அழைக்கையில் எனக்குப் பெருமையாக இருக்கும்.

சென்ற ஆண்டு, நாற்பத்து நான்காம் வயதில், நானும் புறப்பட எண்ணினேன். பி.ஏ. படித்தும் மதரஸா ஊதியத்தில் வாழ்பவன் நான். மூத்த மகளுக்கோ நிக்காஹ் பேசும் வயது. கோலாலம்பூரிலிருந்து என் மனைவியின் தம்பி, "வாருங்கள் மச்சான், சாப்பாட்டுக் கடையில் வேலை இருக்கிறது" என்றார். ஏஜெண்டு ஒருவரோ, "2023 டிசம்பரிலிருந்து விசா இல்லாமலே 30 நாள் தங்கலாமே. சுற்றுலாப் பயணியாகப் போய், அங்கே மாற்றிக் கொள்ளுங்கள்" என்று ஆசை காட்டினார்.

திரும்பி வந்த நண்பர்களிடம் விசாரித்தபோதுதான் உண்மை விளங்கிற்று. சுற்றுலாவாக நுழைந்து வேலை செய்தால் சிறையும் நாடு கடத்தலும் காத்திருக்கின்றன. முறையான தொழிலாளர் அனுமதியோ 18 முதல் 45 வயதுக்குள் இருப்போருக்கே புதிதாகக் கிடைக்கும். ஆண்டுதோறும் அதைப் புதுப்பிக்க வேண்டும். ஒரு முதலாளியின் பெயரில் பெற்ற அனுமதியோடு வேறு கடைக்கு மாற முடியாது. மருத்துவப் பரிசோதனையில் காசநோய் தெரிந்தால் ஊர் திரும்ப வேண்டியதுதான். மனைவி மக்களை உடன் வைத்துக்கொள்ளவும் இயலாது. எனக்கு எஞ்சியிருந்ததோ ஓராண்டு!

அன்றிரவு என் மனைவி கேட்டாள்: "சிறு வயதில் எத்தனை பெருநாளில் உங்கள் அத்தா வீட்டில் இருந்தார்கள்?"

எண்ணிப் பார்த்தேன். ஒரு கையின் விரல்களே போதுமாயிருந்தன. அந்தப் பெருமைக்கு நான் கொடுத்திருந்த விலை அன்றுதான் எனக்குப் புரிந்தது.

நான் போகவில்லை. மாலையில் கைலிக் கடையொன்றில் கணக்கு எழுதுகிறேன். நிக்காஹ் செலவுக்கு இன்னும் பணம் சேரவில்லை, கவலையும் தீரவில்லை.

சகோதரர்களே, சபுரே கூடாதென்று நான் சொல்லவில்லை. அந்தச் சபுர்தான் என்னைப் படிக்க வைத்தது. போவதானால் உடலில் வலுவிருக்கும்போதே போங்கள். ஏஜெண்டு அரசிடம் பதிவு பெற்றவர்தானா என்று பாருங்கள். வேலை அனுமதி கைக்கு வருமுன் நகையை அடகு வைக்காதீர்கள். புறப்படுமுன் வீட்டிலுள்ள பிள்ளைகளையும் ஒரு வார்த்தை கேளுங்கள். என் மகளுக்காகத் துஆச் செய்யுங்கள்.