இடம் சிவப்பு, வலம் பச்சை

வீட்டில் ஏற்றும் விளக்கு நாம் பிறவற்றைக் காண்பதற்கு. மாட்டுவண்டியின் அடியில் ஆடிக்கொண்டே வரும் அரிக்கன் விளக்கும், மிதிவண்டியின் பின்புறம் பதித்த சிவப்புச் சில்லும் பிறர் நம்மைக் காண்பதற்கு. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதை, புகார்க் கடற்கரையை இரவில் காட்டும்போது அங்கே எரியும் விளக்குகளை வரிசையாகச் சொல்லிச் செல்கிறது. மலரும் சந்தனமும் விற்போர் விளக்கு, கைவினைஞர் விளக்கு, மீன் விற்போர் விளக்கு, கலங்கரை விளக்கு, பரதவர் படகின் விளக்கு என அவ்வரிசை நீள்கிறது. அதை வகுப்பில் நடத்தும்போதெல்லாம், இருளிலுள்ள ஒவ்வோர் ஒளிப்புள்ளியும் ‘இன்னார் இங்கே இருக்கிறார்’ என்று அறிவிப்பதாகவே எனக்குத் தோன்றும்.

‘நான் இங்கே இருக்கிறேன்’ என்பதோடு நில்லாமல், ‘நான் இந்தத் திசையை நோக்கி இருக்கிறேன்’ என்றும் சொல்லும் விளக்குகள் உண்டு. கப்பலும் விமானமும் அவற்றைத் தாங்கிச் செல்கின்றன. அவற்றின் அருமையை நான் உணர்ந்தது துறைமுகத்திலோ விமான நிலையத்திலோ அன்று; ஒரு சாண் நீளமும் நாற்பது கிராம் எடையும் கொண்ட ஒரு பொம்மை உலங்கூர்தியில்.

அந்த ஹெலிகாப்டர் என் தங்கை மகனுடையது. அவனும் உங்களைப் போலப் பதினோராம் வகுப்பில் படிக்கிறான். கோடை விடுமுறையில் ஓர் அச்சகத்தில் தாள் மடித்துக் கொடுத்து ஈட்டிய கூலியில் வாங்கியது. ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த இரண்டு சுழலிகள் எதிரெதிர்த் திசையில் சுழல்வதால் அதன் உடல் தானாகச் சுற்றாமல் நிற்கும். கையிலுள்ள கருவியிலிருந்து செல்லும் வானொலி அலைகளைக் கேட்டு ஏறும், இறங்கும், முன்னும் பின்னும் நகரும், இடமும் வலமும் திரும்பும்.

இது அவனுடைய இரண்டாவது ஹெலிகாப்டர். முதலாவது சென்ற ஆண்டு கோயில் தெப்பக்குளத்தில் மூழ்கிப்போயிற்று. அந்தி நேரம்; குளக்கரையின் மேலே அது கருநிழலாக நின்றது. அது தன்னை விட்டு விலகிச் செல்கிறது என்று அவன் எண்ணினான். உண்மையில் அது அவனை நோக்கித் திரும்பியிருந்தது. எதிரே நிற்பவரின் இடக்கை நம் வலப்பக்கம் இருப்பதுபோல, நம்மை நோக்கி வரும் ஊர்திக்கு இடவலம் மாறிவிடும். குளத்திலிருந்து விலக்குவதற்காக அவன் கொடுத்த திருப்பமே அதனைக் குளத்தின் நடுவே கொண்டுசேர்த்தது.

பகலில் பறக்கவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். நாற்பது கிராம் பொருளுக்குத் தென்றலும் புயல்தான். எங்கள் ஊர் வயல்வெளியில் காற்று அடங்குவது பொழுது சாய்ந்த பிறகே. அவன் பள்ளி முடிந்து, தனிவகுப்பும் முடிந்து வருவதும் அப்போதுதான். காற்று நின்றால் வெளிச்சம் இல்லை. வெளிச்சம் இருந்தால் காற்று நிற்பதில்லை. தங்கை என்னிடம் சொன்னாள்: “அண்ணா, இதையும் உடைத்துவிட்டால் மூன்றாவது கிடையாது என்று சொல்லிவிட்டேன். அடுத்த கோடையில் வேலை, பன்னிரண்டாம் வகுப்பு என்று இருக்கும்போது இவனுக்கு யார் வாங்கித் தருவார்கள்?” அவள் தையல் இயந்திரத்தை நிறுத்தாமலேதான் இதைச் சொன்னாள். மகன் வாசற்படியில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

மறுநாள் மாலை அவன் ஒரு பழைய சீரியல் விளக்குச் சரத்துடன் என் வீட்டுக்கு வந்தான். “மாமா, இதிலிருந்து மூன்று விளக்கு எடுத்துப் பொருத்தினால் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று தெரிந்துவிடும்” என்றான். முறையையும் அவனே தேர்ந்து வைத்திருந்தான். கப்பலுக்கும் விமானத்துக்கும் உரிய வழக்கம் அது: இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, பின்னால் வெள்ளை. சிவப்பு இடப்புறமும் பச்சை வலப்புறமும் தெரிந்தால் ஊர்தி நம்மை விட்டு விலகிப் போகிறது. சிவப்பு வலப்புறமும் பச்சை இடப்புறமும் தெரிந்தால் நம்மை நோக்கி வருகிறது. பக்கவாட்டில் நின்றால் இரண்டில் ஒன்று மறைந்துபோகும். உலகத்தார் அனைவரும் மொழி வேறுபாடின்றிப் படிக்கும் எழுத்து என்று இதைச் சொல்லலாம்.

அச்சரத்தின் விளக்குகள் ஒளி உமிழ் டையோடுகள். கண்ணுக்குத் தெரியும் சிவப்பு ஒளியை உமிழும் டையோடை 1962ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நிக் ஹோலோன்யாக் செய்துகாட்டினார். பளிச்சிடும் நீல ஒளிக்கு மேலும் முப்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. அதனைக் கண்ட அகாசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவரும் 2014இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றனர். வெள்ளை விளக்கு என்பது பெரும்பாலும் மஞ்சள் ஒளிர்பொருள் பூசிய நீல விளக்கே. எனவே எங்கள் மூன்றனுள் சிவப்பே மூத்தது.

மூன்றையும் இணையாகச் சேர்த்து, அவற்றுக்கு முன்னால் ஒரே ஒரு மின்தடையை வைத்து, மின்கலத்தோடு இணைத்தான். சிவப்பு மட்டும் எரிந்தது. பச்சையும் வெள்ளையும் இருண்டு கிடந்தன. அவை பழுதாகிவிட்டன என்று அவன் முகம் வாடினான். தனித்தனியே இணைத்துப் பார்த்தபோது இரண்டும் நன்றாகவே எரிந்தன! நான் தமிழாசிரியன், மின்னியல் எனக்குத் தொலைவு. ஆனால் வேளாண் குடும்பத்தில் பிறந்தவன். ஒரே வாய்க்காலில் ஒரு மடை தாழ்ந்தும் ஒரு மடை உயர்ந்தும் இருந்தால் தண்ணீர் முழுவதும் தாழ்ந்த மடையில் ஓடிவிடும். மேட்டு வயல் காய்ந்தே கிடக்கும். அதைச் சொன்னேன். அவன் சட்டென்று பிடித்துக்கொண்டான். சிவப்பு விளக்குக்கு ஏறத்தாழ 2 வோல்ட் போதும்; பச்சைக்கும் வெள்ளைக்கும் ஏறத்தாழ 3 வோல்ட் வேண்டும். ஒளியின் நிறம் நீலத்தை நெருங்க நெருங்க அதனை உமிழும் டையோடுக்கு மின்னழுத்தம் மிகுதியாகத் தேவைப்படும். பொது மின்தடைக்குப் பின்னால் சிவப்பு தாழ்மடையாகி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது.

ஆகவே ஒவ்வொன்றுக்கும் தனி மின்தடை. பத்தாம் வகுப்பில் நீங்கள் படித்த ஓம் விதியே இங்குக் கணக்கு. முழுதும் மின்னேற்றிய அந்தச் சிறு மின்கலத்தின் அழுத்தம் 4.2 வோல்ட். சிவப்புக்கு உரிய 2 வோல்ட் போக எஞ்சுவது 2.2 வோல்ட், 10 மில்லி ஆம்பியர் மின்னோட்டத்துக்கு 220 ஓம் மின்தடை தேவை. பச்சைக்கும் வெள்ளைக்கும் எஞ்சுவது 1.2 வோல்ட், 120 ஓம் போதும். இந்த விதியை அவன் தேர்வில் எழுதி மதிப்பெண் பெற்றவன்தான். அன்று எழுதியபோது அதனால் விளக்கு எரியும் என்று அவனுக்குத் தோன்றியிருக்காது. நம் வினாத்தாள்கள் தோன்ற விடுவதும் இல்லை.

மோட்டார் வைண்டிங் கடைக்காரர், தலைமுடியைவிடச் சற்றே தடித்த எனாமல் பூசிய செப்புக் கம்பியை ஒரு முழம் இலவசமாகக் கொடுத்தார். “நுனியில் எனாமலைச் சுரண்டிவிட்டுப் பற்றவை தம்பி, இல்லாவிட்டால் ஈயம் ஒட்டாது” என்றார். சால்டரிங் அயர்னை எடுக்கும் முன் மின்கலத்தைக் கழற்றி அடுத்த அறையில் வைக்கச் சொன்னேன். அவ்வகை லித்தியம் மின்கலத்தின் இரு முனைகளும் தவறித் தொட்டுக்கொண்டால் தீப்பற்றக்கூடும். டையோடின் நீண்ட கால் நேர்மின் முனை என்று பார்த்துப் பார்த்துச் சேர்த்தான். பற்சக்கரங்களில் கம்பி சிக்காதவாறு உடலோடு ஒட்டி மெல்லிய ஒட்டுநாடாவால் கட்டினான்.

பிறகு எடை. அவன் மிகவும் அஞ்சியது இதற்குத்தான். நகைப் பட்டறையின் தராசில், ஆசாரி குண்டுமணியை நிறுப்பது போன்ற கவனத்தோடு, மாட்டியவை அனைத்தின் நிறையையும் பார்த்துச் சொன்னார்: ஒரு கிராமுக்குச் சற்றே மிகுதி. கேட்பதற்குச் சிறியது. ஐம்பது கிலோ எடையுள்ள ஒருவர் ஒன்றேகால் கிலோவை நாள்முழுதும் இறக்கி வைக்காமல் சுமப்பதற்கு அது நிகர். அதிலும் எங்கே சுமக்கிறோம் என்பது உண்டு. வாலின் நுனியில் வைத்த விளக்கு, சிறிதாயினும், நெம்புகோலின் நுனியில் தொங்கும் சுமைபோல மூக்கைத் தூக்கிவிடும். சுழலித் தண்டின் உச்சியை இரு விரலால் பிடித்துத் தூக்கிப் பார்த்தான், வால் தாழ்ந்தது. வெள்ளை விளக்கை வாலின் நடுப்பகுதிக்கு நகர்த்தி, அதன் மின்தடையை மூக்கருகே வைத்தான். மறுபடி தூக்கிப் பார்த்தான். அரை மணி நேரம் இதே வேலை. இறுதியில் ஊர்தி சமன்பட்டு நின்றது. அந்த அரை மணி நேரத்தில் அவன் ஒரு சொல்லும் பேசவில்லை என்பதை என் தங்கைக்குச் சொன்னபோது அவள் நம்பவில்லை.

அறுவடை முடிந்த வயலில் பறக்கவிட்டான். தங்கையும் வந்திருந்தாள், வரப்பிலேயே நின்றுகொண்டாள். மேற்கு வானில் செம்மை மறைந்து, பனைமரங்களும் கரைந்த நேரம். சுழலிகளின் இரைச்சல் மட்டும் எழுந்தது, உடல் தெரியவில்லை. இருளில் மூன்று புள்ளிகள் உயர்ந்தன. இடப்புறம் சிவப்பு, வலப்புறம் பச்சை, நடுவே வெள்ளை. ஊர்தி மெல்லத் திரும்பியது. வெள்ளை மறைந்தது, பச்சை சிவப்பினுள் புகுந்து ஒரு கணம் ஒன்றாகி, மறுபக்கம் வெளிப்பட்டது. “இப்போது நம்மைப் பார்க்கிறது, அம்மா” என்றான். அவள் ஒன்றும் சொல்லவில்லை. வரப்பை விட்டு இறங்கி நான்கடி முன்னே வந்தாள்.

ஐந்து நிமிடம் போல் ஆகியிருக்கும். நாங்கள் திட்டமிடாத ஒன்றும் அப்போது நிகழ்ந்தது. பச்சையும் வெள்ளையும் வெளிறத் தொடங்கின, சிவப்பு அவ்வாறில்லை. மின்கலம் களைத்து அதன் அழுத்தம் 3 வோல்ட்டை நெருங்கும்போது, 3 வோல்ட் கேட்கும் விளக்குகள்தாம் முதலில் பசித்துப்போகும். 2 வோல்ட் கேட்கும் சிவப்பு இன்னும் சிறிது நேரம் தாங்கும். எரிபொருள் காட்டியை நாங்கள் பொருத்தவில்லை. அது தானே வந்து சேர்ந்திருந்தது.

“பச்சை மங்குகிறது, மாமா. இறக்கிவிடுகிறேன்” என்றான். சிவப்புப் புள்ளி வலப்புறம் இருந்தது. அவன் அதைப் பார்த்து, இடவலம் மாற்றி எண்ணி, விரலை மெல்ல நகர்த்தினான். தாளடியின்மேல் அது வந்து அமர்ந்தது. தங்கை குனிந்து, எடுப்பதற்கு முன் சுழலி நின்றுவிட்டதா என்று கேட்டாள்.