உடம்புக் கலர்

காஞ்சிபுரத்தில் கொலு பொம்மை பார்க்க வந்ததாகச் சொன்னால், ஆட்டோக்காரர் மறுகேள்வி இல்லாமல் சின்னக் காஞ்சிபுரம் பொம்மைக்காரத் தெருவில் இறக்கிவிடுவார். அஸ்தகிரி தெரு என்பது பலகையில் இருக்கும் பெயர். நான் போனது அங்கிருந்து தள்ளி, ஓரிக்கைக்கு. பேருந்துப் பணிமனையைத் தாண்டி, தறிச் சத்தம் ஓயாத ஒரு சந்தில் ஓர் அம்மா இருக்கிறார். பொம்மைக்காரத் தெருவில் பிறந்து, நெசவாளி வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு இங்கே வந்தவர். கடைகளிலிருந்து வரும் காகிதக்கூழ் பொம்மைகளுக்கு முகம், கழுத்து, கை, கால் மட்டும் தீட்டிக் கொடுக்கிறார். புடவைக்கும் நகைக்கும் வேறு ஆட்கள். தன்னுடையது ‘உடம்புக் கலர் வேலை’ என்கிறார்.

பொம்மை அவரிடம் வெள்ளையாக வந்து சேரும். பிளாஸ்டர் அச்சில் முன்பாதி, பின்பாதி என்று தனித்தனியாக எடுத்து ஒட்டி, வெயிலில் காயவைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வெள்ளை அடித்து அனுப்புவார்கள். சாதாரண உருப்படிக்குக் கடையிலேயே ஸ்ப்ரே கன்னால் ரோஸ் அடித்து முடித்துவிடுவதும் உண்டு. யாராவது விவரம் சொல்லிக் கேட்ட செட்டுகளும் நுணுக்கமானவையும் ஓரிக்கைக்கு வருகின்றன.

நான் போன ஆனி மாதம் அவர் முன்னால் இருந்தது ஓரிக்கையின் சொந்தக் கதை. திருமழிசை ஆழ்வாருக்குப் பணிவிடை செய்த கிழவி இளமை பெற்றாள். பல்லவ அரசன் அவளை மணந்தான். தனக்கும் இளமை வேண்டுமென்று ஆழ்வாரின் சீடர் கணிகண்ணனைக் கேட்டான்; அவர் மறுக்கவே காஞ்சியைவிட்டுப் போகச் சொன்னான். சீடர் கிளம்ப, ஆழ்வாரும் கிளம்ப, அங்கே திருவெஃகாவில் படுத்திருந்த பெருமாளும் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு அவர்கள் பின்னால் நடந்தார். மூவரும் அன்றிரவு தங்கியது ஓரிக்கையில். உள்ளூர்க் குடும்பம் ஒன்று இதை ஆறு பொம்மைகளாகக் கேட்டிருந்தது: கிழவி, அவளே குமரியாக, அரசன், சீடர், ஆழ்வார், பெருமாள். கதையே தோலைப் பற்றியது என்பதால் இதைவிடப் பொருத்தமான வேலையை நான் பார்த்திருக்க முடியாது.

உடம்பு வேலைக்கு உட்கார்ந்தால் கறுப்பு டியூபை எடுத்து அலமாரியில் வைத்துவிடுகிறார். மஞ்சள் காவி, பர்ன்ட் சியன்னா, பர்ன்ட் அம்பர், சிவப்பு, அல்ட்ராமரைன் நீலம், வெள்ளை. இவ்வளவுதான் சாமான். நிழலுக்குக் கறுப்பைக் கலந்தால் தோல் செத்துப்போகும். அம்பரில் துளி சிவப்பும் நீலமும் விட்டால் ஆழம் கிடைக்கும். மேடான இடத்தைத் தூக்கிக்காட்ட வெள்ளையைச் சேர்ப்பது இன்னும் மோசம், பழுப்பு சாம்பல் தட்டிவிடும். அங்கே ஏற்ற வேண்டியது மஞ்சள் காவி. மேல்நோக்கிய நெற்றி, மூக்குத்தண்டு, தோள் இவற்றில் கடைசியாக மட்டும் ஒரு பொட்டு வெளிச்சம்.

அக்ரிலிக் சீக்கிரம் காயும். ஆனி வெயிலில் தட்டில் பிதுக்கிய கலர் பேசி முடிப்பதற்குள் ஆடை கட்டிவிடுகிறது. எவர்சில்வர் டிபன் பாக்ஸில் ஈரத் துணி, அதன்மேல் பட்டர் பேப்பர், அதன்மேல் கலர் என்று வைத்துக்கொண்டிருக்கிறார். மூடிவைத்தால் மறுநாளும் பதமாக இருக்கிறது. ஐரோப்பாவில் சின்னஞ்சிறு போர்வீரர் உருவங்களுக்கு வண்ணம் தீட்டுபவர்கள் இதே ஏற்பாட்டை டப்பாவாகக் கடையில் வாங்குகிறார்கள். இன்னொரு சிக்கலும் உண்டு. ஈரத்தில் வெளிறித் தெரியும் அக்ரிலிக் பசை காய்ந்ததும் தெளிந்துவிடுவதால், நிறம் ஒரு படி கறுத்துப்போகும். அதனால் ஒவ்வொரு கலவையையும் அட்டையில் தொட்டு, காயவிட்டு, தன் முன்கையோடு சேர்த்து வைத்துப் பார்க்கிறார்.

அவருடைய அப்பா கலர்ப்பொடியை வஜ்ஜிரப் பசையில் குழைத்து அடித்தவர். வஜ்ஜிரம் சூடாகவே இருக்க வேண்டும். மேலே ஈரம் பட்டால் அடிப்பூச்சு கரைந்து குழம்பும். 1950களில் அமெரிக்கக் கடைகளுக்கு வந்த தண்ணீர் அக்ரிலிக் அப்படியில்லை. காய்ந்த பின் தண்ணீரில் கரையாது. கண்ணாடிபோல் மெல்லிய பூச்சுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிக்கொண்டே போகலாம். தோலுக்கு வேண்டியது இதுதான். மேலே மெலனினின் பழுப்பு, அடியில் ரத்தத்தின் சிவப்பு. வெளிச்சம் கொஞ்சம் உள்ளே போய்த் திரும்புகிறது. பக்கத்து வீட்டில் மயில்கழுத்துப் புடவை நெய்துகொண்டிருந்தார்கள். பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். இரண்டிலும் இல்லாத நிறம் துணியில் எழுகிறது. தோலின் நிறமும் அப்படித்தான் எழுகிறது.

கிழவிக்கும் குமரிக்கும் அடிக் கலர் ஒன்றே. வேறுவேறாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். “ஒரே பொம்பளதான தம்பி? கலரு எங்க மாறும், ரத்தந்தான் மாறும்” என்றார். குமரிக்குக் கன்னம், மூக்கு நுனி, காது மடல், விரல் கணுக்களில் சிவப்பு, தண்ணீராகக் கரைத்து. கிழவிக்கு அந்தச் சிவப்பை விலக்கி, கண்ணுக்குக் கீழும் கழுத்து மடிப்பிலும் நீலம் கலந்த அம்பர். இருவருக்கும் முழங்கை ஒரு மாற்றுக் கறுத்து, உள்ளங்கை வெளிறி இருந்தன. அரசனுக்கு மழித்த தாடையில் நீலச் சாம்பல் ஒரு பூச்சு. முக்கால் அடி உயரப் பொம்மையில் இயற்கை வெளிச்சம் போதிய நிழலைத் தராது. அதனால் உண்மையில் இருப்பதைவிட அழுத்தியே நிழலைப் போடுகிறார். கையில் எடுத்தால் மிகையாகத் தெரிகிறது. கொலுப்படியின் தூரத்துக்குச் சரியாகிவிடுகிறது.

இவ்வளவு தெரிந்த கைக்கு வரும் வேலையில் பெரும்பகுதி ரோஸ். மணப்பெண் ரோஸ், நாதஸ்வரக்காரர் ரோஸ், சந்தையில் காய் விற்கிறவரும் ரோஸ். பெருமாளுக்கு நீலம் அடித்தால் விழுந்து கும்பிடுகிறோம். கல்யாண செட்டில் பெண்ணுக்குப் பழுப்பு அடித்தால், “கொஞ்சம் கலரா இருக்கறதா எடுங்க” என்கிறோம். இது வாங்குபவர்களாகிய நாம் இந்த வேலைக்குச் செய்யும் அநியாயம் என்றே நினைக்கிறேன். ரோஸ் இரண்டு பூச்சில் முடியும். பழுப்புக்கு ஆறேழு பூச்சு வேண்டும், அதைப் பார்க்கத் தெரிந்த கண் வேண்டும். கேட்பார் இல்லாத கலவை கையைவிட்டுப் போய்விடும். அமெரிக்காவின் க்ரேயோலா நிறுவனம் வெளிர் ரோஸ் கிரேயானுக்கு ‘ஃப்ளெஷ்’ என்று வைத்திருந்த பெயரை 1962இல் மாற்றியது. மனிதத் தோல் நிறங்கள் என்று 24 கிரேயான்களைக் கொண்டுவர அதற்கு 2020 ஆயிற்று. நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. இதே ஊரில் கைலாசநாதர் கோயிலின் சிற்றாலயங்களில் 8ஆம் நூற்றாண்டுப் பல்லவ ஓவியங்கள் துண்டு துண்டாக எஞ்சியிருக்கின்றன. மங்கிப்போன அந்த உடம்புகளில் காவியும் பழுப்புமே தெரிகின்றன.

வார்னிஷிலும் ஓயாத இழுபறி. கடைகள் தலைமுதல் கால்வரை பளபளப்பு கேட்கின்றன. பளபளத்தால் அத்தனை பூச்சும் பிளாஸ்டிக் ஆகிவிடும் என்பதால் இவர் உடம்புக்கு மேட் அடித்து, கண்ணுக்கும் நகைக்கும் மட்டும் பளபளப்பை விடச் சொல்கிறார். பாதி கடைகள் இவர் சொல்வதைக் கேட்கின்றன.

கூலி உருப்படிக் கணக்கு. பழுப்புக்கென்று தனியாக எதுவும் இல்லை. பிறகு ஏன் மெனக்கெடுகிறீர்கள் என்று கேட்டேன்.

“கேக்கறவங்க வரட்டும்னு உக்காந்திருந்தா ஆவுமா தம்பி? இந்த வருசம் கல்யாண செட்டுல பத்துக்கு ரெண்டு நானே நம்ம கலர்ல போட்டு அனுப்பிட்டேன். கடைக்காரரு ஒண்ணும் சொல்லல. ஆவணி பொறந்தா ஜனம் வரும். எது மொதல்ல போவுதுன்னு பாத்துட்டு, அடுத்த வருசம் நாலாக்கிடலாம்.”